நம் லைப்ரரியில் இல்லாத புத்தகம் எப்படி வரும்?

[திரையில்: கல்லூரி நூலகக் கணினி. தேடல் கட்டத்தில் ஒரு தலைப்பு. கீழே ‘பதிவுகள் இல்லை’ என்ற வரி.]

கடலூரில் எந்தக் கல்லூரியில் படித்தாலும் புராஜெக்ட் நேரத்தில் இந்தத் திரையைப் பார்த்திருப்பீர்கள். தேடினோம், இல்லை. உடனே என்ன செய்வோம்? தலைப்பையே மாற்றிக்கொள்வோம். கைடும் ‘இருக்கிற புத்தகத்தை வைத்து எழுதும்மா’ என்பார். நானும் ஒருமுறை அப்படி மாற்றியவள்தான். இரண்டாம் முறை மாற்றவில்லை.

நம் நூலகத்தில் இல்லாத புத்தகத்தை, நம் நூலகமே வேறொரு நூலகத்திடம் கேட்டு வாங்கித் தரலாம். இன்டர் லைப்ரரி லோன் என்பார்கள். இதில் கடன்காரர் நீங்கள் இல்லை, உங்கள் நூலகம். பக்கத்து வீட்டில் போய் ‘அம்மா ஒரு டம்ளர் காபிப் பொடி வாங்கிட்டு வரச் சொன்னாங்க’ என்று வாங்கி வருகிறோமே, அந்த மாதிரி. பொடி திரும்பிப் போகாவிட்டால் பேச்சு வாங்குவது அம்மா. லைப்ரேரியன் முதலில் கொஞ்சம் தயங்குவதற்கும், ‘இங்கேயே உட்கார்ந்து படி’ என்று சிலர் சொல்வதற்கும் காரணம் இதுதான்.

தயங்கினாலும் கேளுங்கள். எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது. லைப்ரேரியன் படிப்பு படித்த எல்லோரும் அதைப் படித்துத்தான் வந்திருப்பார்கள். ரங்கநாதன் நம் பக்கத்துக்காரர், சீர்காழியில் பிறந்தவர்.

[திரையில்: இந்திய வரைபடம். டெல்லியிலிருந்து கடலூருக்கு ஒரு கோடு.]

சரி, எந்த நூலகத்தில் அந்தப் புத்தகம் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? டெல்நெட் என்று ஒரு வலையமைப்பு டெல்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக (ஜேஎன்யூ) வளாகத்திலிருந்து இயங்குகிறது. 1988-ல் டெல்லி நூலகங்களுக்காகத் தொடங்கி, பிறகு நாடு முழுக்கப் பரவியது. உறுப்பினர் நூலகங்களின் பட்டியல்களை அதில் ஒரே இடத்தில் தேடலாம். உங்கள் கல்லூரி உறுப்பினர் என்றால், லைப்ரேரியன் அதன் வழியாகக் கோரிக்கை அனுப்புவார். நாம் நேராக அனுப்ப முடியாது. ஆகவே கவுன்டரில் முதல் கேள்வி: ‘மேடம், நம்ம காலேஜ் டெல்நெட்ல இருக்கா?’

அடுத்தது கோரிக்கைப் படிவம். நான் சொதப்பியது இங்கேதான்.

எனக்கு ஓர் ஆய்விதழ்க் கட்டுரை வேண்டியிருந்தது. வேறொரு புத்தகத்தின் அடிக்குறிப்பில் பார்த்த தலைப்பையும் இதழின் பெயரையும் மட்டும் எழுதிக் கொடுத்தேன். சில நாள் கழித்து பிடிஎஃப் வந்தது. திறந்தால் இரண்டே பக்கம். அதே தலைப்பில் பிற்பாடு ஒரு புத்தகம் வந்திருக்கிறது. எனக்கு வந்தது அந்தப் புத்தகத்துக்கு அதே இதழில் எழுதிய மதிப்புரை. அனுப்பியவர் மேல் தவறே இல்லை, நான் கேட்டதைத்தான் அனுப்பினார். மறுபடி கேட்டு வாங்குவதற்குள் வைவா தேதி நெருங்கிவிட்டது.

[திரையில்: ஒரு கட்டுரையின் முதல் பக்கம். தொகுதி, இதழ், ஆண்டு, பக்க எண்கள் ஒவ்வொன்றாக வட்டமிடப்படுகின்றன.]

கட்டுரை என்றால் ஆசிரியர், தலைப்பு, இதழின் பெயர், தொகுதி எண், இதழ் எண், ஆண்டு, பக்கங்கள். தொகுதியையும் இதழ் எண்ணையும் மாற்றி எழுதிவிடாதீர்கள். டிஓஐ எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. 10 என்று தொடங்கும் நீளமான எண் அது, வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. புத்தகத்துக்கு அதே மாதிரி ஐஎஸ்பிஎன் என்ற எண், கூடவே எத்தனையாவது பதிப்பு என்பது.

அகராதி, கலைக்களஞ்சியம், பைண்டு செய்த பழைய இதழ்களைப் பொதுவாக வெளியே அனுப்ப மாட்டார்கள். அதற்கு வழி, வேண்டிய கட்டுரையை மட்டும் ஸ்கேன் கேட்பது. புத்தகத்தில் ஓர் அத்தியாயம் போதுமென்றால் அதையும் அப்படிக் கேட்டுப் பார்க்கலாம். முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் கேட்காதீர்கள், பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே நிற்கும்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்து தேடிப் பாருங்கள். நம் மாவட்ட வரலாறு எழுதுகிறவர்கள் 1906-ல் வந்த தென்னார்க்காடு கெசட்டியரை, அதாவது அன்றைய மாவட்டத்தின் விவரத் தொகுப்பைத் தேடி அலைவார்கள். அது ஸ்கேன் செய்யப்பட்டு இணைய ஆவணக் காப்பகத்தில் (archive.org) இலவசமாகவே கிடக்கிறது. பழைய தமிழ் நூலென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம். பிஎச்டி ஆய்வேடு என்றால் சோத்கங்கா, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பு. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் வருகின்றன. கடன் கேட்க நினைக்கும் கட்டுரை அதற்குள்ளேயே இருக்கலாம்.

[திரையில்: கடலூர் பேருந்து நிலையம். புதுச்சேரி பஸ்.]

கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு வசதி, பஸ் ஏறினால் போதும். தெற்கே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். வடக்கே ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில் தாண்டினால் புதுச்சேரி. அங்கே 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம், காலாப்பட்டில் ஆனந்தரங்கப் பிள்ளை பெயரில் பல்கலைக்கழக நூலகம், கடற்கரைப் பக்கம் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். அந்த நிறுவனத்தின் சைவ ஓலைச்சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றவை. ஆய்வு நூலகங்களில் வீட்டுக்குப் புத்தகம் தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம், உட்கார்ந்து குறிப்பெடுக்கத் தயாராகப் போங்கள். துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம், அடையாள அட்டை இரண்டும் பையில் இருக்கட்டும். கிளம்புமுன் போன் செய்து நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். வாசலில் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வெயில் பயணம் நன்றாக இருக்காது.

[திரையில்: பழுப்பு உறை பிரிக்கப்படுகிறது. உள்ளே சாயம் போன காலிக்கோ அட்டைப் புத்தகம்.]

ஒருநாள் பார்சல் வரும். முதல் பக்கத்தில் நீங்கள் பார்த்திராத ஊரின் முத்திரை. கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு, அதில் நீங்கள் பிறப்பதற்கு முந்தைய ஒரு வருடம். அதன் பிறகு யாருமே எடுக்கவில்லை!

அந்தச் சீட்டையும், திருப்ப வேண்டிய தேதியையும் போனில் படமெடுத்து வையுங்கள். கோடு போடாதீர்கள், பென்சிலில்கூட. கூடுதல் நாள் வேண்டுமென்றால் கெடு முடிவதற்கு முன்பே லைப்ரேரியனிடம் சொல்லுங்கள், அவர் அந்த நூலகத்திடம் கேட்க வேண்டியிருக்கும். தபால் செலவை யார் ஏற்பது என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள், கல்லூரிக்குக் கல்லூரி மாறும். தொலைத்துவிட்டால்? ‘நோ டியூ’ சான்றிதழ் நின்றுவிடும். அதைவிட, அடுத்த வருடம் உங்கள் ஜூனியர் இதே கவுன்டருக்கு வந்து கேட்கும்போது, லைப்ரேரியன் உங்கள் கதையைச் சொல்லி அனுப்பிவிடுவார்.