வரத்துக்கால் எங்கே?

(மேலூரில் விவசாயிகளும் மாணவர்களும் கூடிய சுற்றுச்சூழல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, வரவேற்புரையில் என்னை "நீரியல் அறிஞர்" என்று சொல்லி, யாரைச் சொல்கிறார் என்று என்னையே திரும்பிப் பார்க்க வைத்த செயலாளர் தம்பி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஊராட்சித் தலைவர்களே, விவசாயப் பெருமக்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, பசுமைப் படை மாணவச் செல்வங்களே, எல்லாருக்கும் வணக்கம். வட்டாட்சியர் அவர்கள் வழியில் வந்துகொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். வருவாய்த் துறையைப் பற்றிய பகுதியை அவர் வருவதற்கு முன்பே பேசிவிடுவதா, வந்த பிறகு பேசுவதா என்று ஒரு தயக்கம். வந்த பிறகே பேசுகிறேன். அதுதான் மரியாதை. பொன்னாடை போர்த்திய ஊர்ப் பெரியவருக்கு நன்றி; இந்த வெயிலுக்கு அடுத்த முறை ஒரு ஈரிழைத் துண்டு போதும் ஐயா.

எனக்குக் கொடுத்த தலைப்பு பெரியது. காலநிலை மாற்றம், பல்லுயிர், சூரிய மின்சாரம், இந்த மூன்றிலும் உள்ளூர் மக்கள் என்ன செய்யலாம் என்று பேசச் சொன்னார்கள். மூன்றையும் வரிசையாகப் பேசுகிறேன்.

முதலில் காலநிலை. மதுரைக்கு ஆண்டு மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் விழுவது. இப்போது விழுகிற விதம் மாறிவிட்டது. பத்து நாள் பெய்ய வேண்டியது ஒரே பிற்பகலில் கொட்டுகிறது. 2024 அக்டோபர் 25-ஆம் தேதியை மதுரைக்காரர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, கட்டில்மேல் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். செல்லூர்க் கண்மாயின் உபரித் தண்ணீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போக வேண்டும். அந்த வாய்க்கால் என்ன கோலத்தில் இருந்தது என்று அந்தத் தெருக்காரர்களைக் கேளுங்கள். மறுநாள் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். இதைத்தான் நம் ஊரில் "தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறது" என்பார்கள். மாட்டுக்கும் வாடிவாசலுக்கும் பேர்போன ஊரில் இந்தப் பழமொழிக்கு நான் பொழிப்புரை சொல்ல வேண்டியதில்லை.

நான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிவது இதுதான். கண்மாய் வால். அதற்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால்தான் தும்பு.

பத்து வருஷமாகக் கண்மாய் தூர் வாருகிறோம். ஊரே கூடி நீர்நிலையைப் பராமரித்த பழைய குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசு திட்டம் போட்டது. தன்னார்வ இளைஞர்கள் கைக்காசு போட்டார்கள். நல்ல காரியம். ஜேசிபி வருகிறது, கரை உயர்கிறது, கரையில் பனைவிதை ஊன்றுகிறோம், வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம். மழையும் பெய்கிறது. கண்மாய் மட்டும் நிறைவதில்லை. ஏன்? மேட்டிலிருந்து தண்ணீர் வருகிற கால் அரை மைலுக்கு அப்பாலேயே அடைபட்டுக் கிடக்கிறது. ஒரு இடத்தில் பிளாட், ஒரு இடத்தில் செங்கல் சூளை, மிச்ச இடத்தில் சீமைக் கருவேலம்.

ஒரு கல்யாணக் கதை சொல்கிறேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், மண்டபக்காரர் எனக்கு உறவுமுறை. ரோட்டோரத்தில் புதிதாக ஏசி மண்டபம் கட்டினார். ஐப்பசி முகூர்த்தம். மாப்பிள்ளை சிவகங்கைப் பக்கம். ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது. காலையில் தாலி கட்டி முடிந்தது, பந்தி போட்டாயிற்று, இலையில் கேசரி விழுந்தாயிற்று. அப்போது சமையற்கட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம். பின்வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு செம்மண் தண்ணீர் உள்ளே வருகிறது. முதலில் கணுக்கால், பிறகு முழங்கால். சாம்பார் அண்டா அடுப்பிலிருந்து கிளம்பி மிதந்து பந்திக்கே வந்துவிட்டது. பரிமாறுகிறவர்களுக்கு வேலை மிச்சம். சம்பந்தி வீட்டார் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு, சாப்பாட்டை விடவும் மனமில்லாமல், இலையைக் கையில் ஏந்தியபடி நிற்கிறார்கள். மொய் எழுதுகிறவர் இருக்கிறாரே, அவர்தான் அன்றைக்கு வீரர். பணப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கி, மொய் நோட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு, "எழுதினவுகளெல்லாம் போகலாம், எழுதாதவுக மட்டும் நில்லுங்க"ன்னு கத்துகிறார்!

மண்டபக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த ஊரில் ஒரு நீர்க்கட்டி உண்டு. மடை திறந்து அடைத்து, வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சிப் பழகிய கிழவர். இப்போது பாய்ச்சத் தண்ணீர் இல்லாததால் மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறார். அவர் மட்டும் அசையவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து நிற்கிறார். "என்னப்பா, தண்ணி இப்படி வழி தெரியாம உள்ள வருதே" என்று மண்டபக்காரர் புலம்ப, கிழவர் சொன்னார்: "அதுக்கு வழி தெரியும்யா. எங்க தாத்தன் காலத்திலருந்து இந்த வழியாத்தான் கண்மாய்க்குப் போகுது. நீங்கதான் அது வழியில பந்தி போட்டிருக்கீக."

கைதட்டலுக்கு நன்றி. ஆனால் கதை அதோடு முடியவில்லை. அந்த வாரமே ஊர் இளைஞர்கள் கிழவரைக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள். கையில் கம்பு, முன்னால் அவர், பின்னால் நில அளவைப் புலப்படத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு பாலிடெக்னிக் பையன். கிழவர் கம்பை ஊன்றி, "இங்கதான் கால் திரும்பும், ஒரு புளியமரம் நின்னுச்சு" என்பார். பையன் படத்தைப் பார்ப்பான். அதே இடத்தில் கோடு திரும்பியிருக்கும். பட்டா நிலத்துக்குள் படம் காலைச் சுருக்கிக் காட்டும் இடங்களும் இருந்தன. அங்கே கிழவர் தரையிலிருந்து ஒரு பிடி மண் அள்ளிக் காட்டுவார்: இரண்டு பக்கமும் கரிசல், நடுவில் மட்டும் வண்டல் மணல். தண்ணீர் எழுதிவைத்த கையெழுத்து அது. எந்த பதிவேட்டிலும் அதை அடித்துத் திருத்த முடியாது.

அடுத்தது பல்லுயிர். அரிட்டாபட்டி உங்கள் பக்கத்து ஊர்; அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்வது மீனாட்சிக்கே மதுரை வழி சொல்கிற மாதிரி. 2022 நவம்பரில், மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.42 ஹெக்டேரை மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. லகர் வல்லூறு இருக்கிறது, ஷாகின் வல்லூறு இருக்கிறது, சமணப் படுக்கையும் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டும் இருக்கின்றன. 2024 நவம்பரில் அரிட்டாபட்டி மலைப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தபோது இந்த மேலூர் வட்டாரமே எழுந்தது. சட்டமன்றம் டிசம்பரில் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று மதுரைக்கு நடந்தே போனீர்கள். அதே மாதம் 23-ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த நடையில் வந்த தாய்மார்களை இந்த அரங்கிலும் பார்க்கிறேன். உங்களுக்கு என் தலை தாழ்ந்த வணக்கம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். மலையை ஏன் காப்பாற்றினோம்? வல்லூறுக்காகவும்தான், சாமிக்காகவும்தான். அந்தப் பாறைகளில் விழும் மழைதான் சுனையாகக் கசிந்து, ஓடையாக இறங்கி, ஆனைகொண்டான் போன்ற கண்மாய்களுக்கு வருகிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வரும் கால்வாயில் கள்ளந்திரி வரை இருபோகம். அதற்குக் கீழே நாமெல்லாம் ஒருபோகம். பெரியாற்றுத் தண்ணீரை எதிர்பார்த்து வருஷா வருஷம் மறியல் செய்கிற நமக்கு, சொந்த மழையைக் கொண்டுவருகிற ஓடை எவ்வளவு முக்கியம்! பெரிய கம்பெனியை விரட்டிய நாம், ஓடையை அடைத்து வேலி போட்ட உள்ளூர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க யோசிக்கிறோம். அவர் பங்காளி, நாளைக்குக் காதுகுத்துக்குப் போக வேண்டுமே! இங்கேயும் தும்பை விட்டு வாலைத்தான் பிடிக்கிறோம்.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வேண்டும் என்கிறது. உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்... சரி, இறக்கிவிடலாம். அதில் பறவையையும் மூலிகையையும் எழுதும்போது வரத்துக்காலையும் எழுதுங்கள். ஆரலும் விராலும் வானத்திலிருந்து குதிப்பதில்லை. புதுத்தண்ணீரில் அந்தக் கால் வழியாகத்தான் ஏறி வருகின்றன. ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு மீன்பிடித் திருவிழாவுக்கு ஓடுகிற நமக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

வட்டாட்சியர் அவர்கள் வந்துவிட்டார்கள். வணக்கம் ஐயா, வாருங்கள். சரியான நேரத்தில் வந்தீர்கள். நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் நீர்வளத் துறைக்கு, அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. நிலம் வருவாய்த் துறைக்கு. மூன்று அலுவலகத்துக்கும் நடுவில் வரத்துக்கால் அநாதையாகக் கிடக்கிறது. 2007-இல் கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்றத் தனிச் சட்டமே வந்தது. ஆனாலும் மனு கொடுக்கப் போனால் "இது எங்களுது இல்லை, பக்கத்து ஆபீஸ்" என்ற பதிலைத்தான் அதிகம் கேட்டிருக்கிறோம். ஐயா அவர்களிடம் எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: சர்வேயரை அனுப்பி, கால்களுக்குக் கல் ஊன்றித் தாருங்கள். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும்.

தலைவர் ஐயா சீட்டு அனுப்பியிருக்கிறார். சூரிய மின்சாரம் பாக்கி இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் தகடு போட ஒன்றிய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது, போடுங்கள். கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006-இலேயே சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வாங்கி, மின்வாரியத்துக்கே மின்சாரம் விற்றது. ஓர் ஊராட்சியால் அது முடியும். ஆனால் நம் பக்கம் மின்சாரம் எங்கே போகிறது? ஆழ்துளைக் கிணற்றுக்கு. கண்மாய் நிறைந்தால் கிணறு ஊறும், கிணறு ஊறினால் சின்ன மோட்டார் போதும். தண்ணீரே இல்லாத குழிக்கு சூரிய மோட்டார் வைத்து என்ன செய்ய? கால் திறந்தால் மின்சாரம் மிச்சம். சூரிய சக்தி அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு வேலை. வாசலில் மேசை போட்டுத் தம்பிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் ஊர்க் கண்மாயின் பெயர், அதற்குத் தண்ணீர் வருகிற ஓடை, கால் எல்லாவற்றின் புல எண் (சர்வே நம்பர்), இவற்றை எழுதிக் கொடுங்கள். புல எண் தெரியாதவர்கள் விஏஓ அலுவலகத்தில் நில விவரம் உள்ள அ-பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த கிராம சபையில் அந்த எண்களை ஒவ்வொன்றாக வாசித்து, அளந்து கல் ஊன்ற வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் நீர்க்கட்டி உயிரோடு இருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள், நாற்காலியும் போடுங்கள். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.