பக்ராம் தளத்தில் ஒரு ஷிப்ட்

நேயர்களுக்கு வணக்கம். கட்டாரில் வேலை, சவூதியில் வேலை என்றால் மட்டக்களப்பில் எல்லாருக்கும் விளங்கும். ஆப்கானிஸ்தானில், அமெரிக்க இராணுவத் தளத்துக்குள் இருந்த பர்கர் கடையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தேன் என்று சொன்னால், "அங்க சமையலா, துவக்குத் தூக்கினியா?" என்றுதான் கேட்கிறார்கள். துவக்கைத் தொட்டதே இல்லை. தொட்டதெல்லாம் கல்லாப்பெட்டியும் வெப்பமானியும்தான்.

முதலில் கல்லாப்பெட்டி. காபூலுக்கு வடக்கே இருக்கிற பக்ராம் தளத்துக்கு எல்லாச் சாமானும் தூரத்திலிருந்து வரவேண்டியிருந்தது. கால் டொலர் நாணயம் ஒன்று ஐந்தரைக் கிராமுக்கு மேல். நூறு டொலருக்கு 400 நாணயம், இரண்டு கிலோவைத் தாண்டும். அந்தப் பாரத்தை விமானத்தில் ஏற்றுவதற்குப் பதிலாக, தளத்துக் கடைகளை நடத்தும் எக்ஸ்சேஞ்ச் அமைப்பு 2001 இல் அட்டையில் சில்லறை அடித்தது. 5, 10, 25 சதம். பெயர் 'பொக்'. வட்டமாக, படம் போட்டு, பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரியே இருக்கும். கவுண்டரில் முதல் நாள் நின்ற அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவன், சிப்பாய் நீட்டிய பொக்கை வாங்கமாட்டேன் என்று நின்றுவிட்டான். பின்னால் வரிசை நீளுகிறது. "அண்ணன், சின்னப்பிள்ளைகள்ற அட்டையக் காசெண்டு தாறார்!" நான் பெட்டியைத் திறந்து, அடுக்கியிருந்த பொக்குகளைக் காட்டினேன். ஷிப்ட் முடிந்ததும் இரண்டு பேருமாக ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கு முடித்தோம். அதற்குப் பிறகு சில்லறை எண்ண அவனைப் போல் ஆள் இல்லை.

சரி, நான் சொல்ல வந்தது சாப்பாட்டை வெளியே வைத்திருக்கும் நேரம். அரைத்த மாட்டிறைச்சி உள்ளே 68 பாகை செல்சியஸ் வரை வேகவேண்டும். குளிர்ந்தது 5 பாகைக்குக் கீழே, சூடானது 57 பாகைக்கு மேலே. இரண்டுமில்லாமல் வெளியே வைத்தால் நான்கு மணித்தியாலம், அவ்வளவுதான். வெட்டிய தக்காளிப் பெட்டியில்கூட எடுத்த நேரம், கொட்டும் நேரம் இரண்டும் எழுதியிருக்கும். பத்து மணிக்கு எடுத்தது இரண்டு மணிக்குக் குப்பைக்கு. சோற்றைக் கொட்டினால் பாவம் என்று வளர்ந்த பிள்ளைகளுக்குக் கை வராது. "நல்லாத்தானே இருக்கு அண்ணன்" என்பார்கள். நல்லாத்தான் இருக்கும், கிருமி கண்ணுக்குத் தெரியாதே. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் குறைவாக எடு, நேரத்தை எழுது என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். கொட்டுவதும் குறையும்.

இப்போது நம்முடைய ஊரைப் பாருங்கள். மட்டக்களப்பு வெயிலில், கண்ணாடிப் பெட்டிக்குள் காலையில் வைத்த ரோல்ஸ் அந்திவரைக்கும் இருக்கிறது. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் முதல் போட்ட கவலை. ஆனால் ஒரு துண்டுக் கடதாசியும் பேனையும் போதும். வைத்த நேரத்தை எழுதி ஒட்டுங்கள். வாங்குகிறவர்களும் கேளுங்கள்: "இது எத்தனை மணிக்கு வைச்சது?"

நேரமாகிறது என்று கை காட்டுகிறார்கள். தளத்து வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று, சுருக்கமாக. அமெரிக்க அரசு ஒப்பந்த வேலையில் உங்கள் பாஸ்போர்ட்டைப் பறித்து வைக்கக்கூடாது. ஆள்சேர்ப்புக் கட்டணத்தை உங்கள் தலையில் கட்டவும் கூடாது. ஜனாதிபதி ஒபாமாவின் 2012 ஆம் ஆண்டுக் கட்டளையிலேயே இருக்கிறது. ஏஜென்சிக்காரர் காசு கேட்டால் இதைச் சொல்லுங்கள். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் விமானம் ஏறவேண்டாம். ஒப்பந்தத்தின் ஒரு பிரதியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.