பகானில் ஒரு வியாபாரி இட்ட நிலைவிளக்கு | பர்மா தமிழ் வ்லாக்

எல்லாருக்கும் வணக்கம். காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது நான் நிற்பது பழைய பகான் மதிலுக்கு உள்ளே. என் பின்னால் தெரிகிற செங்கல் கட்டடத்துக்குப் பெயர் நத்லவுங் சாவுங். எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் பகோடாவாகத் தெரிகிற இந்த ஊரில், மிச்சம் நிற்கிற ஒரே பெருமாள் கோயில் இதுதான்.

போன வீடியோவுக்குக் கீழே நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "சோழர்கள் பர்மாவைப் பிடித்தார்களே, அதைப் பற்றி ஏன் பேசமாட்டேன் என்கிறீர்கள்?" என்று. சரி, அதை முதலில் முடித்துவிடலாம்.

ராஜேந்திர சோழனின் கடற்படையெடுப்பு 1025இல் நடந்தது. அவன் வென்ற கடாரம் மலேசியாவில் இருக்கிற கெடா. ஆனால் நூறு வருடத்துக்கு முன்பு கடாரம் எங்கே என்பதிலேயே குழப்பம் இருந்தது. தெற்குப் பர்மாவில் இருக்கிற பெகுவில் கருங்கல் தூண்கள் கிடைத்ததும், அவை ராஜேந்திரன் நட்ட வெற்றித் தூண்கள்தான் என்று இங்கிருந்த தொல்லியல்காரர்கள் எழுதிவிட்டார்கள். பிற்பாடு வந்த ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. வாட்ஸ்அப்பில் மட்டும் அந்தத் தூண் இன்னும் விழாமல் நிற்கிறது! ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில், அதாவது அரசன் புகழைச் சொல்கிற கல்வெட்டு வரிகளில், வருகிற மாப்பப்பாளம் பர்மாக் கரையில் இருந்த துறைமுகம் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும். ஒரு துறைமுகத்தைத் தாக்கிவிட்டுப் போவது வேறு, ஒரு நாட்டைப் பிடித்து ஆள்வது வேறு.

அந்தக் காலத்துப் பகான் அரசர்களும் யாருக்கும் சளைத்தவர்கள் கிடையாது. 1106இல் பகானிலிருந்து தூதுவர்கள் சீனாவின் சோங் அரசவைக்குப் போனார்கள். சோழநாட்டுத் தூதுவர்களுக்குச் செய்த மரியாதையையே இவர்களுக்கும் செய்யுங்கள் என்று பேரரசர் உத்தரவு போட்டார். சடங்குகளைக் கவனிக்கிற அமைச்சகம் ஒத்துக்கொள்ளவில்லை. சோழன் சுமத்ராவில் இருந்த ஸ்ரீவிஜய அரசுக்கு அடங்கியவன், அதனால் அவனுக்குக் கெட்டித் தாளில் கடிதம் எழுதிச் சாதாரண உறையில் அனுப்பினோம், பகான் அரசனோ பெரிய நாட்டை ஆள்கிறவன், அவனுக்கு அது போதாது என்று சொல்லிவிட்டார்கள். ஸ்ரீவிஜயத்தை அடித்தவனே சோழன்தான். சீனர்கள் கணக்கு தலைகீழாக இருந்திருக்கிறது. ஆனாலும் பகானுக்கு வெளியே எவ்வளவு மதிப்பு இருந்தது என்பது இதில் தெரிகிறது இல்லையா?

அப்போது இங்கே ஆண்டவன் கியான்சித்தா. அதோ தூரத்தில் பொன் கோபுரம் மின்னுகிறதே, அந்த ஆனந்தா கோயிலைக் கட்டியவன். அவனுடைய மோன் மொழிக் கல்வெட்டு ஒன்றில் ஒரு சோழ இளவரசன் வருகிறான். அவனுக்கு கியான்சித்தா புத்தரின் பெருமையைத் தங்கத் தகட்டில் தன் கையாலேயே எழுதி அனுப்பினானாம். அதைக் கேட்டு அந்த இளவரசன் பௌத்தத்துக்கு மாறித் தன் மகளையும் கொடுத்தானாம். இது அரசன் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டது, நம் மெய்க்கீர்த்தி மாதிரி. அந்த அளவுக்கு நம்பினால் போதும். எனக்கு அதைவிடப் பிடித்தது அவனுடைய அரண்மனைக் கல்வெட்டு. புது அரண்மனை கட்டும்போது பிராமணர்கள் வந்து நாராயணனுக்குப் பூஜை செய்ததை அதில் விவரமாக எழுதியிருக்கிறார்கள். பௌத்தத்துக்காக அத்தனை விகாரை கட்டிய அரசன், வீடு கட்டப் பெருமாளையும் கூப்பிட்டிருக்கிறான்!

இப்போது கோயிலைப் பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டேன். செங்கல் தரை வெயிலில் பொரிகிறது, அதனால் வேகமாக நடக்கிறேன். வெளிச்சுவரில் வரிசையாக மாடங்கள் தெரிகின்றனவா? தசாவதாரச் சிற்பங்கள். எல்லாம் முழுசாக இல்லை. சிலவற்றில் சுதை உதிர்ந்து உள்ளே இருக்கிற செங்கல்தான் ஆள் உருவத்தில் நிற்கிறது. இந்த வரிசையில் ஒன்பதாவது அவதாரமாக நிற்பவர் புத்தர். உள்ளே போனால் நடுவில் சதுரமான பெரிய செங்கல் தூண், அதைச் சுற்றி வர ஒரு பாதை. முன்னால் இருந்த மண்டபம் போய்விட்டது.

இங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் மியின்கபா என்கிற ஊர். வரலாறு படித்தவர்களுக்கு அந்த ஊர் மியாசேதி கல்வெட்டால் தெரியும். கியான்சித்தாவின் மகன் ராஜகுமாரன் 1113 வாக்கில் வெட்டியது. பியூ, மோன், பாலி, பர்மியம் என்று ஒரே செய்தியை நான்கு மொழியில் சொல்கிற கல். வழக்கொழிந்துபோன பியூ மொழியைப் படிக்க வழி திறந்ததே அந்தக் கல்தான். அதே ஊர்ப்பக்கம் கிடைத்த இன்னொரு கல்லைப் பற்றிச் சொல்லத்தான் இந்த வீடியோவே. அது தமிழ்க் கல்வெட்டு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்த ஹூல்ஷ்தான் இதையும் படித்து கல்வெட்டுகளுக்கான எபிகிராபியா இண்டிகா இதழின் 7ஆம் தொகுதியில் வெளியிட்டார்.

மேலே கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிச் சுலோகம். குலசேகர ஆழ்வாரின் முகுந்தமாலையில் வருவது. அதற்குக் கீழே தமிழ். மலைமண்டலத்து மகோதயர் பட்டணத்தைச் சேர்ந்த இராயிரன் சிறியான் என்கிற குலசேகர நம்பி, பகானில் இருந்த நானாதேசி விண்ணகர் (விண்ணகர் என்றால் பெருமாள் கோயில்) ஆழ்வார் கோயிலுக்கு ஒரு மண்டபம் செய்து, கதவும் போட்டு, அந்த மண்டபத்தில் "நின்றெரிகைக்கு நிலைவிளக்கு ஒன்றும்" கொடுத்தார். செய்தி இவ்வளவுதான். மகோதயர் பட்டணம் என்பது கேரளத்துக் கொடுங்கல்லூர்ப் பக்கம். மலையாளிகள் இது எங்கள் ஆள் என்று சொன்னால் தாராளமாகச் சொல்லட்டும், சண்டைக்குப் போகாதீர்கள்.

அந்தச் சுலோகத்தின் பொருளைக் கேளுங்கள். அறத்திலும் எனக்கு நாட்டமில்லை, செல்வத்தைக் குவிப்பதிலும் இல்லை, இன்பத்திலும் இல்லை. வினைப்படி நடப்பது நடக்கட்டும். எத்தனை பிறவி எடுத்தாலும் உன் திருவடியில் அசையாத பக்தி வேண்டும், அது போதும். கடல் தாண்டி வியாபாரிகள் கோயிலுக்கு வந்து மண்டபம் கட்டுகிற அளவுக்குப் பணம் பார்த்த மனிதர், செல்வம் குவிப்பதில் ஆசையில்லை என்கிற பாட்டாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்! கிண்டலாகச் சொல்லவில்லை. நம் கடைத்தெருவில் கல்லாப்பெட்டிக்கு மேலேயும் இதே பக்திதான் மாலை போட்டு மாட்டியிருக்கிறது.

அடுத்தது அந்த விளக்கு. சோழநாட்டில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரிகிற விளக்கு, வைத்தால் கூடவே 96 ஆடும் கொடுப்பார்கள். அந்த ஆட்டிலிருந்து வருகிற நெய்தான் விளக்குக்கு. இன்னாரிடம் ஆடு ஒப்படைத்தோம், இவ்வளவு நெய் அளக்க வேண்டும் என்று கல்லிலேயே வெட்டிவிடுவார்கள். பகான் கல்லில் ஆடும் இல்லை, நிலமும் இல்லை. அப்படியென்றால் எண்ணெய் ஊற்றியது யார்? தினமும் திரி போட யாராவது ஒரு ஆள் வேண்டும் அல்லவா? கோயில் பெயரே அதற்குப் பதில் சொல்கிறது என்று நினைக்கிறேன். நானாதேசி என்பது பல ஊர் வணிகர்களின் கூட்டமைப்பு. ஐந்நூற்றுவர் என்று நம் ஊர்க் கல்வெட்டுகளில் வருகிறவர்களோடு சேர்ந்தவர்கள். இவர்கள் வந்த கையோடு சரக்கை விற்றுவிட்டுத் திரும்பிப் போகிறவர்களாக இருந்திருந்தால் இங்கே விண்ணகரம் எதற்கு? குறைந்தது அடுத்த கப்பல் வரும்வரை கடை, கிடங்கு, சமையல் எல்லாம் வைத்து ஒரு கூட்டம் இங்கேயே தங்கியிருக்க வேண்டும். குலசேகர நம்பி அவர்களை நம்பித்தான் விளக்கைக் கொடுத்திருப்பார்.

இந்தக் கல் தனிக்கல்லும் இல்லை. சுமத்ராவில் பாரூஸ் என்கிற இடத்தில் 1088இல் வெட்டிய ஐந்நூற்றுவர் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. கப்பலில் வருகிறவர்கள் கஸ்தூரி விலையை வைத்து இவ்வளவு பொன் கட்ட வேண்டும் என்று அதில் போட்டிருக்கிறார்கள். தாய்லாந்தில் தக்குவாபாவில் மணிக்கிராமத்தார் என்கிற வணிகக் குழுவின் பெயர் சொல்கிற தமிழ்க் கல் அதற்கும் முந்தியது. சீனாவில் சுவான்சௌவில் 1281இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு, அது சிவன் கோயிலுக்கு. வரைபடத்தில் இந்த ஊர்களுக்கெல்லாம் புள்ளி வைத்துப் பாருங்கள், படை போன வழியைவிட வியாபாரம் போன வழிதான் நீளம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த நானாதேசிகளின் வாரிசு நாங்கள் என்று யாங்கோன் தமிழர்கள் யாரும் நெஞ்சை நிமிர்த்த முடியாது. எங்கள் ஆட்கள் வந்தது வெள்ளைக்காரன் கீழ்ப்பர்மாவைப் பிடித்த 1852க்கு அப்புறம், கப்பலில், வயல் வேலைக்கும் துறைமுக மூட்டைக்கும். செட்டியார்கள் வட்டிக்கடையோடு வந்தார்கள். 1930களின் விலைவீழ்ச்சியில் கடனுக்கு ஈடாக வயல்கள் அவர்கள் கைக்குப் போனதும் பர்மியர்களுக்கு வந்த கோபம், 1942இல் நடந்தே இந்தியாவுக்குப் போனவர்கள், 1964இல் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டது, இதெல்லாம் தனி வீடியோவுக்கு. ஆனால் வந்தவர்கள் முதல் வேலையாகச் செய்தது அதேதான். யாங்கோன் காளி கோயில் 1871இல் தமிழர்கள் கட்டியது. அது இருக்கிற தெருவுக்கு இன்று பெயர் அனவ்ரதா சாலை. பகானைப் பெரிய ராஜ்யமாக்கிய அந்த அரசன் பெயர்தான்.

வருகிறவர்களுக்கு: தமிழ்க் கல் கோயிலில் இல்லை, பகான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல் கிடைத்தது மியின்கபாப் பக்கம், இந்தக் கோயில் மதிலுக்குள்ளே. அதனால் இதுதான் அந்த நானாதேசி விண்ணகரம் என்று யாராவது அடித்துச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். வாடகைக்கு மின்சார பைக் எடுத்தால் மூன்று இடத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். கழற்ற லேசான செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், கொடுங்கல்லூர்ப் பக்கத்திலிருந்து யாராவது பார்க்கிறீர்களா? இராயிரன் என்று உங்கள் பக்கம் இன்னும் யாருக்காவது பெயர் வைக்கிறார்களா? கீழே எழுதுங்கள், அடுத்த வீடியோவில் படிக்கிறேன்.