31,500-ஐத் தாண்டுகிறதா?

நியூ ஜெர்சித் தமிழ் நேயர்களுக்கு வணக்கம். வருமான வரித் தாக்கலுக்கு ஏப்ரல் 15 கடைசி நாள். பல ஆண்டுகளாக இந்தப் பருவத்துச் சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்ப உதவி வருகிறேன். கணவனும் மனைவியுமாக வந்தால் நாற்காலியை இழுத்துப் போடும்போதே கேட்டுவிடுவார்கள்: "அக்கா, நிலையான கழிவா, பட்டியல் கழிவா, எங்களுக்கு எது லாபம்?"

பில் எதுவும் காட்டாமல் ஒரே தொகையாக வருமானத்தில் கழித்துக்கொள்வது நிலையான கழிவு. சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு 2025-ஆம் ஆண்டுக்கு அது 31,500 டாலர். வீட்டுக்கடன் வட்டி, சொத்துவரி, மாநில வரி, நன்கொடை என ஒவ்வொன்றையும் ஷெட்யூல் ஏ என்ற இணைப்புப் படிவத்தில் எழுதிக் கூட்டிக் கழிப்பது பட்டியல் கழிவு. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். "இவ்வளவு வட்டி கட்டுகிறோமே, அது வீணா?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: எவ்வளவு கட்டினீர்கள் என்று பார்க்காதீர்கள், கூட்டுத்தொகை 31,500-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

போன மாதம் ஒரு தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் கையில் நீல நிற பிஸ்கட் டப்பா. திறந்தால் ஆண்டு முழுவதும் சேர்த்த ரசீதுகள், மாதவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியவை. அந்த உழைப்பைப் பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. மூவரும் உட்கார்ந்து கூட்டினோம். வங்கி அனுப்பிய 1098 படிவத்தில் வட்டி 14,200. சொத்துவரி 9,400. சம்பளத்தில் பிடித்த மாநில வரி 6,300. இந்த இரண்டு வரிகளும் சேர்ந்து 15,700. 2018 முதல் 2024 வரை இதில் 10,000-க்கு மேல் கணக்கில் வராது. 2025-க்கு அந்த வரம்பை 40,000 ஆக்கிவிட்டதால் முழுவதும் வந்தது. பக்கத்து ஊர்க் கோயிலுக்குக் கொடுத்தது 1,100. எல்லாம் சேர்த்து 31,000. ஐந்நூறு டாலர் குறைகிறது!

கணவர் டப்பாவின் அடியிலிருந்து இன்னொரு ரசீதை எடுத்தார். மஞ்சள் தாள், மூலையில் குங்குமக் கறை. சொந்த ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு 51,000 ரூபாய். டாலரில் ஏறக்குறைய 600. "இதைச் சேர்த்தால் தாண்டிவிடும் அக்கா" என்றார். தாண்டும்தான், நூறு டாலர் மட்டும். ஆனால் அதைச் சேர்க்கக் கூடாது. இந்தியாவில் உள்ள கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ நேரடியாகக் கொடுத்தது இங்கே கழிவாகாது. சென்னை வீட்டுக்குக் கட்டிய சொத்துவரியும் அப்படித்தான், 2018 முதல் கிடையாது. அப்படியே சேர்த்திருந்தாலும் என்ன கிடைத்திருக்கும்? அவர்கள் 22 சதவீத வரி அடுக்கில் இருக்கிறார்கள். நூறு டாலர் கூடுதல் கழிவால் மிச்சமாவது 22 டாலர். அதற்காகப் பொய்க் கணக்கு எழுதலாமா? நிலையான கழிவையே எடுத்தார்கள்.

"அப்படியானால் இந்த ரசீதையெல்லாம் இனிமேல் தூக்கிப் போட்டுவிடலாமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். வேண்டாம் அம்மா என்றேன். நியூ ஜெர்சி மாநிலப் படிவம் வேறு. மத்தியப் படிவத்தில் நிலையான கழிவு எடுத்தவரும் மாநிலப் படிவத்தில் வீட்டுச் சொத்துவரியை 15,000 வரை கழிக்கலாம். ரசீதை விட்டுவிட்டால் இது கைநழுவிப் போகும்.

மருத்துவச் செலவைப் பற்றியும் கேட்கிறார்கள். சரிக்கட்டிய மொத்த வருமானத்தில், அதாவது இந்தக் கழிவுகளைக் கழிக்கும் முன் படிவத்தில் நிற்கும் வருமானத்தில், ஏழரை சதவீதத்துக்கு மேல் போனதுதான் பட்டியலில் சேரும். வருமானம் 1,60,000 என்றால் முதல் 12,000 கணக்கிலேயே இல்லை. பெரிய அறுவை சிகிச்சை நடந்த ஆண்டைத் தவிர, பெரும்பாலான வீடுகளில் இது ஒன்றுமில்லாமல் போகிறது.

இன்னொன்றை நான் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன், இன்றும் சொல்கிறேன். தனித்தனியே தாக்கல் செய்யும் தம்பதிகள் கவனியுங்கள். ஒருவர் பட்டியல் கழிவு எடுத்தால் மற்றவருக்கு நிலையான கழிவு கிடையாது. பூஜ்யம். முன்பு வேறொரு தம்பதி. கணவர் பெயரில் வீட்டுக்கடன், அவர் பட்டியல் போட்டார். மனைவி தன் பங்குக்கு நிலையான கழிவை எடுத்துவிட்டார். ஓராண்டு கழித்து வரி பாக்கிக் கடிதத்தோடு நூலகத்துக்கு வந்த அவருடைய முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தனித்தனியே தாக்கல் செய்தாலும் ஒருவரையொருவர் கேட்காமல் அனுப்பாதீர்கள். ஒருவர் பட்டியல் என்றால் இருவரும் பட்டியல்.

ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்து வைத்திருப்பவர்களுக்கும் சில செய்திகள் எழுதி வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். ஆகவே நடப்பு ஆண்டைப் பற்றி மட்டும். 2026-க்கு நிலையான கழிவு 32,200. இந்த ஆண்டு முதல் பட்டியல் போடுகிறவர்களுக்கு, வருமானத்தில் அரை சதவீதத்துக்கு மேற்பட்ட நன்கொடைதான் கணக்கில் வரும். நிலையான கழிவு எடுக்கும் தம்பதியோ, அதற்கு மேல் 2,000 டாலர் வரை ரொக்க நன்கொடையைத் தனியாகக் கழிக்கலாம். காசோலையும் அட்டையும் ரொக்கக் கணக்குதான். அந்தத் தம்பதி இந்த ஆண்டும் அதே 1,100 கொடுத்தால், நிலையான கழிவோடு அது முழுவதும் கழியும். 250 டாலரோ அதற்கு மேலோ ஒரே தடவையில் கொடுத்தால், கோயில் அலுவலகத்தில் எழுத்துவடிவ ரசீது கேட்டு வாங்கி டப்பாவில் போட்டுவிடுங்கள். வணக்கம்.