மாவைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைகளோடு சேர்ந்து பீட்சா செய்தோம் என்று சொல்கிற பல வீடுகளில் உண்மையில் நடப்பது என்னவென்றால், கடையில் வாங்கிய அடி ரொட்டியின் மேல் பிள்ளைகள் வெங்காயமும் குடைமிளகாயும் அடுக்குவார்கள், சீஸ் தூவுவார்கள், அதோடு அவர்கள் வேலை முடிந்துவிடும். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. பிள்ளைகள் கண் விரிந்து பார்க்க வேண்டியதெல்லாம் மாவில்தான் இருக்கிறது, அதைத்தான் நாம் அவர்களிடமிருந்து எடுத்துவிடுகிறோம்.

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துக்காரர்கள் பீட்சா மாவை விரித்துச் சுடும் கலையை 2017-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே விறகு அடுப்பின் சூடு 450 டிகிரி பக்கம் இருக்கும், ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும். அந்தச் சூடு நம் வீட்டில் கிடையாது. ஆனால் மாவுக்கு வேண்டியது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்: மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட்.

சரி, அளவைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோ மைதா, 300 மில்லி தண்ணீர், ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒன்றரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சீனி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். நடுத்தர அளவில் நாலு பீட்சா வரும். கோதுமை மாவு பாதி சேர்த்தாலும் நன்றாக வரும், தண்ணீர் மட்டும் கொஞ்சம் கூடக் கேட்கும். நம் குமரி மாவட்டத்தில்தான் வருஷத்தில் இரண்டு மழை உண்டே, ஆனியிலும் ஐப்பசியிலும் டப்பாவில் இருக்கிற மாவே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அதனால் கடைசி இரண்டு கரண்டித் தண்ணீரை உடனே ஊற்றாமல் மாவைத் தொட்டுப் பார்த்து ஊற்றச் சொல்லுங்கள். அளந்து போடுவது, ஊற்றுவது, கலக்குவது எல்லாம் பிள்ளையே செய்யட்டும். தரையில் மாவு சிந்தும், சிந்தட்டும், பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

ஈஸ்ட் என்றால் என்ன என்று பிள்ளை கட்டாயம் கேட்கும். அது உயிருள்ள பூஞ்சை, ஒரே செல், கண்ணுக்குத் தெரியாது, சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடும், அந்த வாயுதான் மாவை உப்ப வைக்கிறது என்று சொல்லலாம். வீட்டில் பாட்டியோ பாட்டாவோ இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். நம் பக்கத்தில் ஒரு காலத்தில் ஆப்ப மாவுக்குக் கள்ளு விட்டுப் புளிக்க வைத்தது அவர்களுக்கு நினைவிருக்கும், அந்தக் கள்ளைப் பொங்க வைப்பதும் பெரும்பாலும் இதே இனத்து ஈஸ்ட்தான்.

அப்படியானால் ஆப்ப மாவை ஏன் பீட்சா மாவு மாதிரி இழுத்து விரிக்க முடியவில்லை? இந்தக் கேள்வியை நீங்களே பிள்ளையிடம் கேளுங்கள். பதிலைச் சொல்லிவிடாமல் இரண்டு கிண்ணம் எடுத்து, ஒன்றில் அரிசி மாவையும் ஒன்றில் மைதாவையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரிசி மாவு உடைந்துவிடும், மைதா நீளும். அப்புறம் அந்த மைதா உருண்டையை ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் வைத்து மெல்லப் பிசைந்து அலசச் சொன்னால், மாவுச்சத்தெல்லாம் வெள்ளையாகக் கரைந்து போய், கடைசியில் ரப்பராக இழுபடும் ஒரு துண்டு கையில் மிஞ்சும். அதுதான் குளூட்டன், கோதுமையில் இருக்கிற புரதம், ஈஸ்ட் விடுகிற வாயுவைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். இத்தாலியில் பெக்காரி என்ற அறிஞர் 18-ஆம் நூற்றாண்டிலேயே இப்படி மாவை அலசித்தான் இதைப் பிரித்துக் காட்டினார். அதே காரியத்தை நம் அடுக்களையில் எட்டு வயதுப் பிள்ளை செய்ய முடியும் என்பது எனக்கு எப்போதும் பெரிய சந்தோஷம்.

பிசைகிற விஷயத்துக்கு வருவோம். சின்னப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பிசைந்ததும் கை வலிக்குது என்பார்கள், உடனே நாம் வாங்கிப் பிசைந்து முடித்துவிடுவோம். அப்படிச் செய்யாதீர்கள். மாவை மூடி 20 நிமிடம் சும்மா வைத்தால் போதும், தண்ணீர் ஊற ஊற குளூட்டன் தானாகவே கூடிவரும், திரும்பக் கை வைக்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும். ஆளுக்கு ஒரு உருண்டையாகப் பிரித்துக் கொடுங்கள். மாவு காது மடலைப் போல மெத்தென்று வந்தால் போதும் என்று சொன்னால், ஒரு கையால் காதையும் ஒரு கையால் மாவையும் தொட்டுப் பார்த்து அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். பச்சை மாவை மட்டும் வாயில் போட விடாதீர்கள், வேகாத மாவில் வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கலாம்.

இனி உப்ப வைப்பது. குளிர் நாட்டுச் செய்முறைகளில் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் என்று போட்டிருக்கும், அது 20 டிகிரி இருக்கிற அடுக்களைக்கு எழுதியது. சித்திரை வெயிலில் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ அவ்வளவு நேரம் வைத்தால் மாவு புளித்து அமுங்கிப் போகும், முக்கால் மணி நேரத்திலேயே பாத்திரத்தை நிறைத்துவிடும். அதனால் கடிகாரத்தை விட்டுவிட்டு மாவைப் பார்க்கப் பழக்குங்கள். ஒரு கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் மாவை அமுக்கி வைத்து, அது நிற்கிற உயரத்தில் ஒரு ரப்பர் பேண்டைப் போடுங்கள். மாவு அதற்கு இரண்டு மடங்கு ஏறியதும் கூப்பிடு என்று பொறுப்பைப் பிள்ளையிடம் விட்டால், அஞ்சு நிமிடத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவான். விரலால் லேசாகக் குத்தினால் குழி மெதுவாக, பாதி மட்டும் எழும்பி வர வேண்டும். அதுதான் பக்குவம்.

ஓவன் இல்லையே என்று தயங்க வேண்டாம், தோசைக்கல் போதும். கொஞ்சம் கனமான இரும்புக்கல்லில் விரித்த மாவைப் போட்டு, அடிப்பக்கம் பொன்னிறமானதும் திருப்பி, வெந்த பக்கத்தில் தக்காளிச் சாறும் சீஸும் வைத்து மூடிபோட்டுச் சிறுதீயில் விடுங்கள். அடுப்பு மட்டும் பெரியவர்கள் வேலை. ஓவன் இருந்தால் 250 டிகிரிக்கு நன்றாகச் சூடாக்கிவிட்டு உள்ளே வையுங்கள், பத்து நிமிடத்தில் வெந்துவிடும்.

மேலே என்ன வைப்பது என்பது அவரவர் வீட்டு ருசி. ஒன்றை மட்டும் சொல்வேன், உப்புப் போட்ட நெத்தோலியை பீட்சாவில் வைப்பது இத்தாலியிலேயே பழைய வழக்கம், குளச்சலிலும் முட்டத்திலும் நெத்தோலி வாங்குகிற நாம் அதைத் துணிந்து வைக்கலாம், முள் எடுத்து லேசாகப் பொரித்துவிட்டு வையுங்கள்.

நாலு உருண்டையும் அன்றைக்கே தீர வேண்டும் என்றில்லை. மிச்ச மாவில் எண்ணெய் தடவி மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால், ஈஸ்ட் அங்கே மெதுவாக வேலை செய்துகொண்டிருக்கும், மறுநாள் ருசி கூடித்தான் இருக்கும். சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். நன்றி, வணக்கம்.