சண்டைக்கார சபைக்கு வந்த கடிதம்

(ஏற்காடு மலையில் ஓர் ஆலயத்தின் அறுப்பின் பண்டிகையில் ஆற்றிய உரை)

அன்பான சபையாரே, சேலத்திலிருந்து மலையேறி வந்திருக்கும் விருந்தினர்களே!

அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். ஞாயிறு பள்ளியில் விரல் மடக்கி மனப்பாடம் செய்த ஒன்பது; 'ஆவியின் கனி' என்று வேதம் சொல்வது இதைத்தான். இன்று பூப்படம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம்.

அப்போஸ்தலன் பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் வருவது இது; கூடத்தில் மாட்டுவதற்காக அவர் எழுதவில்லை. புறஜாதியாரிலிருந்து, அதாவது யூதரல்லாதவர்களிலிருந்து, வந்தவர்களும் யூத முறைப்படி விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்ற தகராறில் கலாத்தியா நாட்டுச் சபைகள் கலங்கிக் கிடந்தன. ஐந்தாம் அதிகாரம் 15ஆம் வசனத்தைப் பாருங்கள். ஒருவரையொருவர் கடித்துப் பட்சித்தால் அழிந்துபோவீர்கள் என்கிறார். ஏழு வசனம் தள்ளி, 22இல்தான் கனி வருகிறது. இடையில் மாம்சத்தின் கிரியைகள், அதாவது மனித இச்சையில் பிறக்கும் தீய செயல்களின் பட்டியல். அதில் விபசாரத்தையும் வெறியையும் உரக்க வாசிக்கிறோம். பகை, விரோதம், கோபம், சண்டை, பிரிவினை, பொறாமை வரும்போது குரல் இறங்கிவிடுகிறது. அது நம் வீட்டு விலாசம் அல்லவா!

ஆகவே இந்தக் கனியைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் காட்ட முடியாது. எதிரில் ஓர் ஆள் வேண்டும், அதுவும் நமக்குப் பிடிக்காத ஆள்.

உங்களிடம் காப்பியைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இருந்தாலும் சொல்கிறேன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலம் தொட்டு இந்த மலையில் காப்பி இருக்கிறது. கோடை மழைக்குப் பூத்த செடியில் பழம் சிவக்கக் கார்த்திகை, மார்கழி ஆகிவிடுகிறது. அப்போதும் ஒரே கொத்தில் ஒன்று சிவப்பு, பக்கத்தில் ஒன்று மஞ்சள், அடியில் இரண்டு பச்சை. எடைக்குத்தான் கூலி என்றால் கொத்தோடு உருவத்தான் கை போகும். தேர்ந்த பெண்கள் இரண்டு விரலால் சிவந்ததை மட்டும் திருகி எடுக்கிறார்கள். பச்சையைத் தொடாமல் விட்டு, சில நாள் கழித்து அதே செடிக்குத் திரும்பி வருகிறார்கள். நாம் மருமகளிடம் அப்படியா நடக்கிறோம்? "ஞானஸ்நானம் எடுத்து ஆறு மாதம் ஆயிற்று, இன்னும் வாய்த்துடுக்கு போகவில்லை" என்று கொத்தோடு உருவுகிறோம். நம் கொத்தில் எத்தனை பச்சை என்பதை யாரும் எண்ணக் கூடாது!

தோட்டக்காரர்கள் கோபிக்க வேண்டாம், இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் தராசு முன்னால் நிற்கிற பெண்ணிடம் சாக்கின் எடைக்கென்று எவ்வளவு கழிக்கிறீர்கள்? நற்குணம் எவ்வளவு என்பதை அந்தத் தராசே காட்டிவிடும். காலையில் எத்தனை மணி நேரம் ஜெபித்தோம் என்பதை அவள் அறியமாட்டாள்; கழித்த கிலோவை அறிவாள்.

நீடியபொறுமைக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்று கண்ணாடியில் ஒட்டிய கார், ஏறிவரும் பஸ்ஸை வழிமறித்து ஹாரன் அடித்தால் மேய்ப்பருக்குத்தான் அவமானம்.

சபைக் கமிட்டித் தேர்தலுக்கு வருகிறேன். இந்தச் சபையைச் சொல்லவில்லை, எல்லா ஊரிலும் நடப்பதைச் சொல்கிறேன். முடிவு அறிவித்த மறு ஞாயிறு, தோற்றவர் குடும்பத்தோடு வேறு ஆலயத்துக்குப் போய்விடுகிறார். ஜெயித்தவருக்கு அதில் ஒரு நிம்மதி. சாந்தம் இருவருக்கும் தேவைப்படுகிறது. ஜெயித்தவருக்குச் சற்றுக் கூடுதலாகவே தேவை. தேடிப்போய் அழைக்க வேண்டியவர் அவர்தானே?

இனி, காணிக்கையாக வந்த பொருள்களின் ஏலம். பறங்கிக்காயும் மிளகும் சேவலும் வெளியே காத்திருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரரை மடக்க வேண்டும் என்பதற்காகவே ஓர் எலுமிச்சம்பழத்தின் விலையை ஏற்றிவிடாதீர்கள். ஏற்றிவிட்டால், சொன்ன தொகையை இன்றைக்கே பொருளாளர் கையில் கொடுத்துவிடுங்கள். சென்ற ஆண்டுப் பாக்கிக்கு அவர் இன்னும் நடந்துகொண்டிருப்பதாகக் கேள்வி.