லொன்ரொத் வேலையை விட்டுவிட்டா பாடல் சேகரித்தார்?

அடுத்த கேள்வி: "ஃபின்லாந்தின் தேசியக் காவியமான கலேவலாவை நாட்டுப்புறப் பாடல்களிலிருந்து தொகுத்த எலியாஸ் லொன்ரொத் அரசாங்க டாக்டர் என்றீர்களே, வேலையை விட்டுவிட்டுத்தானே ஊர் ஊராகப் பாடல் சேகரிக்கப் போனார்?"

இல்லை, விடவில்லை. 1833இல் காயானி என்ற சிற்றூரில் மாவட்ட மருத்துவராகச் சேர்ந்தவர், 1853இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் ஃபின்னிஷ் மொழிப் பேராசிரியராக நியமிக்கப்படும்வரை அந்தப் பதவியில்தான் இருந்தார். நீண்ட பயணங்களுக்கு விடுப்பு வாங்கிக்கொள்வார்.

என்னைக் கேட்டால், அந்த வேலை அவருக்குத் தடையாக இருந்ததைவிட வசதியாக இருந்ததே அதிகம். காயானி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். கிழக்கே எல்லையைத் தாண்டினால் கரேலியா. பழம்பாடல்களை மனப்பாடமாக வைத்திருந்த பாடகர்கள் அங்கேதான் இருந்தார்கள். 1834இல் லத்வயார்வி என்ற ஊரில் அர்ஹிப்பா பெர்த்துனென் என்ற முதியவர் பாடப்பாட, நாலாயிரம் அடிகளுக்கு மேல் எழுதிக்கொண்டார். மறுவருடமே கலேவலாவின் முதல் பதிப்பு. 1849இல் வந்த விரிவான பதிப்பில் 50 பாடல்கள், 22,795 அடிகள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1832இல் அவர் சமர்ப்பித்த மருத்துவ ஆய்வேடே ஃபின்லாந்து மக்களின் மந்திர வைத்தியம் பற்றியது! நோயாளி சொல்லும் மந்திரமும் பாடகர் பாடும் பாட்டும் அவருக்கு ஒரே இடத்தில் கிடைத்தன. டாக்டர் ஒரு பக்கம், புலவர் ஒரு பக்கம் என்று அவரைப் பிரித்துப் பார்ப்பது நம் பழக்கம்தான்.

சுகமான உத்தியோகம் என்றும் நினைத்துவிட வேண்டாம். அவர் போய்ச் சேர்ந்த காலத்தில் பஞ்சமும் தொற்றுக் காய்ச்சலும் சேர்ந்து வாட்டின. அவரும் காய்ச்சலில் படுத்தார். அலுவலகத்தில் ஸ்வீடிஷ், நோயாளிகள் பேசியதோ ஃபின்னிஷ். அதனால்தான் குடியானவர்களே படித்துக்கொள்ளும்படி வீட்டு வைத்திய நூல் ஒன்றை 1839இல் ஃபின்னிஷ் மொழியில் எழுதினார். இலக்கிய ரசிகர்கள் அதைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதுவும் முக்கியமான புத்தகம்.

லொன்ரொத் செய்த மொழிபெயர்ப்பைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தேவாலயப் பாடல்களை ஃபின்னிஷில் பெயர்த்தார், திருத்தினார். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட ஃபின்னிஷ்–ஸ்வீடிஷ் அகராதியை 1880இல் முடித்தார். அப்போது வயது 78.

தமிழில் படிக்க விரும்புகிறவர்களுக்கு: ஃபின்லாந்தில் வாழ்ந்த ஈழத்து எழுத்தாளர் ஆர். சிவலிங்கம், அதாவது உதயணன், செய்த கலேவலா மொழிபெயர்ப்பு 1994இல் வெளிவந்தது. மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.